இருபத்துநாலும் ஒரே நாளில்

பள்ளிச் சீருடை தைக்கும் மாஸ்டருக்குத் தெருவில் 'முழு ஆர்டர்' என்று பெயர். நல்ல தையல்காரரா என்று கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்ல வேண்டும். கால்சட்டை நன்றாகத் தைப்பார். காலர் சுமார். சட்டைப் பை சில சமயம் அரை விரல் மேலே ஏறி நிற்கும். கேட்டால், "பிள்ளை நிமிர்ந்து நின்னா சரியாயிடும்" என்பார். ஆனால் ஒரு விஷயத்தில் அவரை யாராலும் அசைக்க முடியாது. இருநூறு உருப்படிக்கு ஆர்டர் எடுத்தால் இருநூறும் ஒரே நாளில், ஒரே வண்டியில் போகும். நூற்றுத் தொண்ணூற்றொன்பது தயாராகி, மிச்சம் ஒன்றுக்குப் பொத்தான் வைக்கவில்லை என்றால், அந்த ஒன்றுக்காக மற்ற எல்லாமே மேசைமேல் அடுக்கிக் கிடக்கும்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில், தைத்து முடிந்ததை முடிந்த வரைக்கும் அனுப்பிவிடலாம் என்று ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாதி சீருடையை அனுப்பினார். மறுநாள் காலை பாதிப் பிள்ளைகள் புது நீலத்திலும் பாதிப் பிள்ளைகள் பழைய பழுப்பிலும் வந்தார்கள். முதல் மணி அடிப்பதற்குள் நீலம் ஒரு கட்சி, பழுப்பு ஒரு கட்சி என்று ஆகி, மைதானத்தில் பெரிய சண்டை. பத்து மணிக்குத் தலைமையாசிரியை கடைக்கு வந்தார். திட்டவில்லை. உட்காரவும் இல்லை. ஒரு மணி நேரம் வாசலில் நின்று மாஸ்டரையே பார்த்துவிட்டுப் போனார்.

அன்றைக்கு மாஸ்டர் ஒரு முடிவுக்கு வந்தார். முடிவுக்கு வந்துவிட்ட மனிதர்களிடம் ஒரு சங்கடம். எந்தக் கேள்விக்கு அந்த முடிவு என்பது நாளாக நாளாக மறந்துபோகும். முடிவு மட்டும் கையில் மிஞ்சும். பிறகு எதிரே எது வந்தாலும் அதன்மேல் அதைப் பொருத்திப் பார்க்கத் தோன்றும். மாஸ்டர் எதிரே தக்காளி வந்தது.

அது வந்த கதை இப்படி. மாஸ்டரின் கடைக்கு ஜன்னல் கிடையாது. முப்பது வருஷமாக டியூப்லைட் வெளிச்சத்தில் ஊசிக்கு நூல் கோத்தவர். வீடு மூன்றாவது மாடியில். அதில் இரண்டு நாற்காலி அகலத்துக்கு ஒரு பால்கனி. சாயங்காலம் ஐந்தரைக்குக் கடையைச் சாத்திவிட்டு வந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அங்கே போட்டு, இருட்டும்வரை உட்கார்ந்திருப்பார். எதிரே பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை. நாலைந்து கட்டடங்களின் பின்புறம், குழாய்கள், காயும் துணி. யார் துணி எப்படித் தைத்திருக்கிறது என்றுகூடப் பார்க்கமாட்டார். சும்மா இருப்பார். ஒரு நாளில் அவருக்குச் சொந்தமான நேரம் என்றால் அதுதான்.

அந்த வீட்டில் மாஸ்டரின் மைத்துனனும் இருந்தான். லிப்ட் ரிப்பேர் செய்பவன். வேறு வீடு கிடைக்கும்வரை என்று வந்தவன். வந்து ஆறு வருஷம் ஆகிறது. நாள் முழுக்க அடுத்தவர்களை மேலே ஏற்றி இறக்கும் வேலையில் தனக்கு உடம்பு பெருத்துவிட்டது என்று ஒரு நாள் அவனுக்குத் தோன்ற, இருந்த இடத்திலேயே மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள் ஒன்றை வாங்கிவந்துவிட்டான்.

"மாமா, இதை பால்கனில போடலாம்னு இருக்கேன்."

"அங்க நான் இருக்கேனே மாப்ள."

"நீங்க அங்க என்ன பண்றீங்க?"

"உட்கார்ந்திருக்கேன்."

"உட்கார்றதை எங்க வேணாலும் உட்காரலாம் மாமா. இதுக்குக் காத்து வேணும். டாக்டர் சொல்லியிருக்காரு."

"எந்த டாக்டர்?"

"பொதுவா, டாக்டருங்க."

சைக்கிள் மிதிப்பதற்குக் காரணம் சொல்லலாம். சும்மா இருப்பதற்கு என்ன காரணம் சொல்வது? காரணம் சொன்ன மாத்திரத்தில் அது சும்மா இருப்பதாக இல்லாமல் போய்விடும். இதையெல்லாம் அவர் இப்படி வரிசையாக யோசிக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"நான் அங்க தக்காளி போடப்போறேன்."

அவருக்கே அது புதுச் செய்தி.

உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தாள். பல் மருத்துவமனையில் முன்மேசையில் உட்கார்ந்து, யாருக்கு எப்போது முறை என்று சொல்லும் வேலை அவளுக்கு. வீங்கின கன்னத்தோடு வரும் எத்தனையோ பேரின் கெஞ்சலைத் தாண்டி வந்தவள். வீட்டிலும் அவள் சொன்னதுதான் முறை.

"தக்காளியா? நீங்களா?"

"ஏன், நான் போட்டா முளைக்காதா?"

"சரி. நாப்பது நாள் தரேன். நாப்பதாவது நாள் சாயங்காலம் வந்து பார்ப்பேன். நட்ட செடி நின்னா பால்கனி உங்களுக்கு. வெறும் மண்ணும் வாய்ப்பேச்சுமா இருந்தா சைக்கிளுக்கு."

"அதுவரைக்கும் சைக்கிளை எங்க வைக்கிறது அக்கா?"

"ஹால்லயே கிடக்கட்டும்."

"எல்லாரும் இடிச்சுக்குவாங்களே."

"இடிச்சுக்கட்டும். அப்பதான் ரெண்டு பேருக்கும் ஞாபகம் இருக்கும்."

மறுநாளே மாஸ்டர் விதைக்கடைக்குப் போய், ஒரு பொட்டலம் விதையும் கறுப்பு பிளாஸ்டிக்கில் இருபத்துநாலு குழி உள்ள நாற்றுத்தட்டும் வாங்கிவந்தார். குழிக்கு ஒன்றாக விதை போட்டு, அளவு எடுத்த துணிக்குக் குத்துவதுபோலக் குழிக்கு ஒரு சீட்டு குத்தி எண் போட்டார். ஒன்று முதல் இருபத்துநாலு வரை. பார்த்தால் ஒரு வகுப்பின் வருகைப்பதிவேடு மாதிரி இருந்தது.

ஆறாம் நாள் ஏழு முளைத்தன. எட்டாம் நாள் மேலும் பத்து. பிறகு ஒன்றிரண்டாக வந்தன. பதினேழாம் எண் மட்டும் வரவே இல்லை. பதினாறாம் நாள், எல்லோரும் அதைக் கைவிட்ட பிறகு, விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு, முதுகை வளைத்துக்கொண்டு, வெளியே வரலாமா வேண்டாமா என்பதுபோல எட்டிப் பார்த்தது.

அதற்குள் மூன்றாம் எண் ஒரு விரல் உயரம். தினமும் சாயங்காலம் மாஸ்டர் கழுத்தில் தொங்கும் அளவு டேப்பை எடுத்து இருபத்துநாலையும் அளப்பார். அளக்க அளக்க அவர் முகம் சுருங்கும். ஒரே பொட்டலம், ஒரே மண், ஒரே தண்ணீர். ஒன்று வளர்ந்து நிற்கிறது, ஒன்று தூங்குகிறது. இப்படி ஒரு தாறுமாறான கூட்டத்துக்கு அவர் எந்தக் காலத்திலும் ஆர்டர் எடுத்ததில்லை.

இருபத்தாறாம் நாள் மனைவி வந்து பார்த்தாள். "மூணாவது நல்லா இலை விட்டிருக்கே. அதை எடுத்து நட வேண்டியதுதானே?"

"பதினேழு இன்னும் வரலையே."

"வந்துச்சே, அதோ."

"வந்துச்சு. வளரலை. எல்லாம் ஒரு அளவுக்கு வரட்டும். ஒரே நாள்ல இருபத்துநாலையும் நட்டுடறேன்."

"ஏங்க, வாயில பல்லு எல்லாம் ஒரே நாள்லயா முளைக்குது? முன்பல்லு வந்தவுடனே கடிக்கிறோமா இல்லையா? கடைவாய்ப்பல்லு வரட்டும்னு பட்டினி கிடக்கிறோமா?"

"பல்லு வேற. இது ஆர்டர்."

"யார் கொடுத்த ஆர்டர்?"

மாஸ்டர் அளவை ஒன்றாக்க என்ன வழி என்று யோசித்துக்கொண்டிருந்தார். சின்னதை இழுத்து நீட்ட முடியாது. அப்படியானால் பெரியதை நிறுத்தி வைக்க வேண்டும். செடி வெயிலில்தானே வளர்கிறது? வெயிலை மறைத்தால் நிற்கும். இந்த யோசனையில் ஒரு தவறும் இல்லை, செடியைக் கேட்காமல் செய்தது என்பதைத் தவிர.

மறுநாள் கடையில் கறுப்பு லைனிங் துணியில் விரல் அளவுக்குத் தொப்பி வெட்டிக்கொண்டிருந்தார். பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா, தன் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"யாருக்கு மாஸ்டர் இது? பொம்மைக்கா?"

"செடிக்கு."

"குளிருதாமா?"

"ரொம்ப வளருது. அடக்கி வைக்கணும்."

"அப்படின்னா என் ரெண்டாவது பொண்ணுக்கும் ஒண்ணு தைங்க. வாங்கின செருப்பு மாசத்துக்கு ஒண்ணு பத்த மாட்டேங்குது."

எட்டுத் தொப்பிகள். உள்ளே மெல்லிய கம்பி வைத்து, விளிம்பு மடித்து, சுத்தமான தையல். அந்தத் தையலைக் காலரில் காட்டியிருந்தால் அவர் பெயர் வேறாக இருந்திருக்கும். உயரமான எட்டுச் செடிகளுக்கும் அதை மாட்டிவிட்டார். தட்டைப் பார்த்த மனைவி, "என்னங்க இது, பட்டமளிப்பு விழாவா?" என்றாள். மாஸ்டர் அதே கையோடு, பின்தங்கிய செடிகளுக்கு உரத்தண்ணீர் இரட்டிப்பாக ஊற்றினார்.

நாலே நாளில் தொப்பிகள் மண்ணிலிருந்து மேலே எழும்பின. உள்ளே செடிகள் நிற்கவில்லை; இருட்டில் வெளிச்சத்தைத் தேடி முன்னைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தன. வேறொருவர் என்றால் அந்த இடத்தில் தொப்பியைக் கழற்றியிருப்பார். மாஸ்டர் தையல்காரர். தொப்பி பத்தவில்லை என்பதுதான் அவர் கண்ணில் பட்டது. எட்டையும் கடைக்கு எடுத்துப்போய், ஒட்டுப் போட்டு, இரண்டு விரல் நீளம் கூட்டிக் கொண்டுவந்தார்.

முப்பத்தைந்தாம் நாள் மூன்றாம் எண், தொப்பியோடு சாய்ந்து விழுந்தது.

தொப்பியை எடுத்துப் பார்த்தார். நூல் மாதிரி ஒரு தண்டு. வெளிறிய பச்சை. கீழ் இலைகள் மஞ்சள். தட்டைத் தூக்கிப் பார்த்தால், அடியிலிருந்த ஓட்டைகள் வழியாக வேர்கள் வெள்ளை வெள்ளையாக வெளியே தொங்கின, மடிப்புப் பிரிந்த துணியின் நூல்போல. மறுபக்கம், இரட்டைச் சாப்பாடு சாப்பிட்ட சின்னச் செடிகளின் இலை ஓரம் கருகியிருந்தது. பெரியதும் கெட்டது, சின்னதும் கெட்டது. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அது அப்படியே இருந்தது.

பின்னாலிருந்து சரசரவென்று சத்தம். மைத்துனன் பால்கனி வாசலை அளந்துகொண்டிருந்தான். மாஸ்டரின் டேப்பாலேயே.

"மாப்ள, இன்னும் அஞ்சு நாள் இருக்கு."

"இருக்கட்டும் மாமா. சும்மா அளந்து வைக்கிறேன். நாற்காலியை எங்க போடறதுன்னு யோசிச்சீங்களா? குளியலறைக்குப் பக்கத்துல இடம் இருக்கு. அங்க தண்ணி மோட்டார் சத்தம்கூட அவ்வளவா கேக்காது."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் மாஸ்டருக்குத் தாங்கவில்லை. அன்றைக்கு இருட்டும்வரை பால்கனியில் உட்கார்ந்தார். சும்மா உட்கார முடியவில்லை. குளியலறைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்த்துக்கொண்டு, இன்னும் எத்தனை வருஷம் என்றெல்லாம் யோசனை ஓடியது. பிரிந்து போகப்போகிற இடத்தை மனுஷன் நன்றாகப் பார்ப்பான் என்பார்கள். அவர் துணிகளையும் குழாய்களையும் முதல்முறையாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். குழாயில் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுநாள் கடைக்குப் போகாமல், தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பஸ் ஏறினார். உட்கார இடம் கொடுத்த பெண்மணி, தொப்பி போட்ட செடிகளைப் பார்த்துவிட்டு, "அவங்களுக்கு உடம்பு சரியில்லீங்களா?" என்று கேட்டாள். "ஆமாங்க" என்றார். வேறென்ன சொல்வது.

விதைக்கடையை நடத்தியவள் முப்பது வயதுப் பெண். காதில் போனை இடுக்கிக்கொண்டு யாருக்கோ விலை சொல்லிக்கொண்டே தட்டைப் பார்த்தாள். போனில் "அப்புறம் பேசறேன்" என்றாள்.

"இதென்ன சார், தலையில?"

"தொப்பிம்மா. வேகமா வளர்றதை நிறுத்தறதுக்கு."

"வெளிச்சத்தை மறைச்சா அது நிக்காது சார். எங்க இருக்குன்னு தேடிக்கிட்டு ஓடும். சரி, இந்த மூணாம் நம்பரை எடுத்து நட்டு பத்து நாள் ஆகியிருக்கணுமே. எதுக்குக் காத்திருக்கீங்க?"

"மத்ததுக்கு."

"மத்தது எதுக்குக் காத்திருக்கு?"

"பதினேழுக்கு."

அவள் பதினேழைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்தாள். அவர் தன் தொழிலையும், நீலக் கட்சி பழுப்புக் கட்சிச் சண்டையையும், முழு ஆர்டர் என்ற முடிவையும் விவரமாகச் சொன்னார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்து, மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல அரை நிமிடம் சிரித்தாள்.

"சார், இதெல்லாம் ஒரே பள்ளிக்கூடத்துக்கா போகுது? உயரத்தைப் பார்க்காதீங்க, இலையைப் பாருங்க. முளைக்கும்போது வர்ற ரெண்டு இலை கணக்கில்லை. அதுக்கு மேல ரெண்டு ஜோடி நல்ல இலை வந்துச்சுன்னா, அது போகலாம். எது ரெடியோ அது போகட்டும். ரெடியாகாதது தட்டுலயே இருக்கட்டும், பக்கத்துல இருக்கிற பெரிசு போனா அதுக்கும் வெளிச்சம் கிடைக்கும். அந்த உரத்தை நிறுத்துங்க முதல்ல."

"இந்த மூணாவது? நூலாட்டம் நீண்டுபோச்சே."

"கழுத்து வரைக்கும் மண்ணுக்குள்ள புதைச்சுடுங்க. கீழ் இலையைக் கிள்ளிட்டு ஆழமா வைங்க. தக்காளி பொழைச்சுக்கும். புதைஞ்ச தண்டிலயும் வேர் விடும்."

"நீளம் ஜாஸ்தின்னா உள்ள மடிச்சுத் தைக்கிற மாதிரி."

"எனக்குத் தைக்கத் தெரியாது சார். ஆனா அப்படித்தான் இருக்கும்."

திரும்பி வரும் வழியில், வீடுகளுக்கு வெள்ளையடிக்கும் பெயின்டரிடம் காலி வாளிகள் கேட்டார். அவன் ஒன்றுக்குள் ஒன்றாக இருபத்துநாலைச் சொருகி ஒரே தூணாகக் கொடுத்தான். மாஸ்டர் அன்றே வாளிகளுக்கு அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, முதலில் மூன்றாம் எண்ணை எடுத்தார். தொப்பியைக் கழற்றினார். கழுத்துவரை புதைத்தார். அதன் எண் சீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு மீதியைத் தட்டில் வைத்திருப்பது அவருக்கு என்னவோ செய்தது. தலைமையாசிரியை வாசலில் வந்து நிற்பார் என்று இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். நின்றது மைத்துனன்தான், கையில் துண்டோடு.

நாற்பதாம் நாள் சாயங்காலத்துக்குள் பதினைந்து செடிகள் வாளியில் நின்றன. ஒன்பது தட்டில். மனைவி மருத்துவமனையிலிருந்து வந்து, கைப்பையைக்கூட வைக்காமல் பால்கனி வாசலுக்கு வந்தாள். மைத்துனன் பின்னாலேயே வந்தான். சைக்கிளின் பிளாஸ்டிக் உறையை அவன் காலையிலேயே பிரித்துவிட்டிருந்தான்.

"அக்கா, எண்ணிப் பாரு. ஒன்பது இன்னும் தட்டுல இருக்கு. மாமாவைத் தெருவே 'முழு ஆர்டர்'ன்னு கூப்பிடுது. இது முழு ஆர்டரா? அவர் கணக்குப்படியே அவர் தோத்தாச்சு."

மாஸ்டர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இத்தனை வருஷம் அவர் ஊருக்கெல்லாம் சொன்னது இப்போது எதிர்க்கட்சி வக்கீலாக வந்து நிற்கிறது.

"மாப்ள, அது துணிக்கு."

"இது?"

"இது செடி. துணி தானா வளராது. இதுக்கு எப்ப ரெடியோ அப்பதான் போகும். ஒண்ணுக்காக இன்னொண்ணை நிறுத்தினா என்ன ஆகும்னு நான் எட்டுக்கும் தொப்பி தைச்சுப் பார்த்துட்டேன்."

"அப்போ பதினேழாவது?"

"அது என்னிக்கு ரெடியோ அன்னிக்கு. அவசரமே இல்லை."

மனைவி தம்பியைப் பார்த்தாள். "நான் என்ன சொன்னேன்? நட்ட செடி நின்னாத்தான்னேன். நிக்குது. இருபத்துநாலுன்னு நான் சொல்லவே இல்லை. பால்கனி இவருக்கு."

மாஸ்டர் வென்றார். வென்ற மகிழ்ச்சியோடு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனார். அப்போதுதான் பார்த்தார். ஒன்றுக்குள் ஒன்றாக இருந்தபோது ஒரு தூணாக நின்ற வாளிகள், தனித்தனியாகப் பிரிந்ததும் இரண்டு நாற்காலி அகலத்தை மூலைக்கு மூலை அடைத்துவிட்டன. நாற்காலி போட இடமில்லை. நாற்காலியின் ஒரு கால் வைக்க இடமில்லை. இன்னும் ஒன்பது வரவேண்டும்.

அவர் நாற்காலியைத் தூக்கியபடியே நின்றார். மனைவி உதட்டைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள். மைத்துனன் சொன்னான், "பார்த்தீங்களா மாமா. இப்ப ரெண்டு பேருக்கும் இல்லை."

வாசலுக்கு உள்பக்கம் நாற்காலி போட்டுப் பார்த்தார். வாளிகளின் முதுகுதான் தெரிந்தது. நின்று பார்த்தார், கால் வலித்தது. மைத்துனனுக்கு மனசு கேட்கவில்லை போலும், சைக்கிளை ஹாலிலிருந்து தள்ளிக்கொண்டுவந்து, பால்கனி வாசலை ஒட்டி நிறுத்தினான். "காத்து இது வரைக்கும் வருது. எனக்கு இது போதும்" என்றான். ஏறிப் பத்து நிமிடம் மிதித்தான். மூச்சு வாங்க இறங்கி, முகம் துடைத்துக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போனான்.

மாஸ்டர் சைக்கிளின் இருக்கையைப் பார்த்தார். நல்ல உயரம். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தார். அங்கிருந்து பதினைந்து வாளிகளும், ஓரத்தில் தட்டும், தட்டில் பதினேழாம் எண்ணும், அதற்கு அப்பால் கட்டடங்களின் பின்புறமும் தடையில்லாமல் தெரிந்தன. கைப்பிடியில் கை வைத்துக்கொண்டார். கால் அதுபாட்டுக்கு மெதுவாகச் சுற்றியது.

மைத்துனன் திரும்பி வந்தான். "மாமா, அது என் சைக்கிள்."

"உட்கார்றதை எங்க வேணாலும் உட்காரலாம் மாப்ள."

அவன் காலியாகக் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இரண்டு பேரும் வெளியே பார்த்தார்கள். கைப்பிடிக்கு நடுவிலிருந்த சின்னத் திரையில் எண்கள் நகர்ந்தன.

"முந்நூறு மீட்டர் வந்திருக்கேன்!" என்று மாஸ்டர் உள்ளே பார்த்துச் சொன்னார்.

"நல்லது," என்று சமையலறையிலிருந்து மனைவி சொன்னாள். "அப்படியே திரும்பி வாங்க. சாப்பாடு ஆறுது."